பத்திரிகை பொய் சொன்னால் எங்கே போய்ச் சொல்வது? ஹில்ஸ்பரோவின் 23 வருடக் கதை

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

போன வாரம் ஓபி முடியுற நேரத்துல ஒரு பெரியவர் வந்தார். பிரஷர் மாத்திரைக்கு வந்தவர், சீட்டை வாங்கிக்கிட்டு கிளம்பும்போது கேட்டார். "சார், டிவியில, பேப்பர்ல தப்பா ஒண்ணு போட்டுட்டாங்கன்னா நம்மள மாதிரி ஆளுங்க எங்க போய்ச் சொல்றது? சொன்னாத்தான் என்ன ஆகிடப் போகுது?"

முதல் கேள்விக்கு ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லிடலாம். இழையின் கடைசியில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு ஒரு வரலாறே சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் நடந்தது. டாக்டர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது.

1989 ஏப்ரல் 15, சனிக்கிழமை. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. மதியம் 3 மணிக்கு ஆட்டம்.

லிவர்பூல் ரசிகர்களில் நின்று பார்க்க டிக்கெட் வாங்கியவர்கள் மட்டும் பத்தாயிரத்துச் சொச்சம். அவர்கள் உள்ளே போக இருந்தது 7 சுழல் கதவுகள். வெளியே நெரிசல் கூடிக்கொண்டே போனது. 2.52க்கு காவல்துறை ஒரு பெரிய வெளியேறும் கதவைத் திறந்துவிடுகிறது. அதற்கு நேர் எதிரே ஒரு குகைப்பாதை. அது போய்ச் சேரும் இடம், ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுக் கூண்டுகள். பக்கத்துக் கூண்டுகளில் இடம் இருந்தது. ஆனால் பாதையை அடைத்து, கூட்டத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட யாருமே இல்லை.

முன்னால் இரும்பு வேலி. பின்னால் தள்ளும் கூட்டம். 3.06க்கு ஆட்டம் நின்றது.

மொத்தம் 97 உயிர்கள். மிக இளையவனுக்கு வயது 10. மூளை பாதிக்கப்பட்டு வாழ்ந்த கடைசி நபர் இறந்தது 2021இல்.

இங்கே கொஞ்சம் மருத்துவம். கூட்ட நெரிசல் சாவு என்றால் மிதிபட்டுச் சாவது என்றுதான் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லைங்க. மார்பும் வயிறும் அழுந்தி, விலா எலும்புகள் விரிய இடமில்லாமல், நின்ற நிலையிலேயே மூச்சு நின்றுபோகும். அழுத்தம் விலகியதும் மூச்சுப்பாதையைத் திறந்து, ஆக்சிஜன் கொடுத்து, சிபிஆர் செய்தால் சிலர் திரும்பி வருவார்கள். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

அந்த நிமிடங்களில் ஆம்புலன்ஸ்கள் வெளியே வரிசையாக நின்றன. ஆட்டக்களத்துக்குள் வந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. விளம்பரப் பலகைகளைப் பிய்த்து ஸ்ட்ரெச்சராக்கி, ஆட்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் ரசிகர்கள்தான்.

இதை மனசுல வச்சுக்குங்க.

ஏப்ரல் 19. இன்னும் இறுதிச் சடங்குகளே முடியவில்லை. 'தி சன்' பத்திரிகையின் முதல் பக்கத்தில் பிரமாண்ட எழுத்தில் ஒரு தலைப்பு: 'உண்மை'. ரசிகர்கள் இறந்தவர்களின் பாக்கெட்டில் கைவிட்டுத் திருடினார்களாம். காவலர்கள் மேல் சிறுநீர் கழித்தார்களாம். உயிர்மூச்சு கொடுத்த காவலரை அடித்தார்களாம்.

தூக்கிக்கொண்டு ஓடியவர்களைப் பற்றித்தான் இப்படி எழுதினார்கள்.

செய்தி எங்கிருந்து வந்தது? ஷெஃபீல்டில் இருந்த ஒரு செய்தி ஏஜென்சி கொடுத்தது. அதற்குச் சொன்னவர்கள் சில காவலர்கள், காவலர் சங்க நிர்வாகி ஒருவர், ஆளுங்கட்சி எம்.பி. ஒருவர். வேறு சில பத்திரிகைகளும் அதையே போட்டன, 'குற்றச்சாட்டு' என்ற சொல்லோடு. சன் மட்டும் 'உண்மை' என்றே முத்திரை குத்தியது.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். சாதாரண மக்கள் என்ன செய்தார்கள்?

ஒன்று, புகார் எழுதினார்கள். அப்போது அங்கே பிரஸ் கவுன்சில் என்று ஒரு அமைப்பு இருந்தது. அது விசாரித்து, சன்னின் செய்தியைக் கண்டித்தது. அவ்வளவுதான். அபராதம் போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது.

இரண்டு, பத்திரிகையை வாங்குவதை நிறுத்தினார்கள். கடைக்காரர்கள் விற்க மறுத்தார்கள். லிவர்பூல் பகுதியில் சன்னின் விற்பனை சரிந்தது. இன்றுவரை அங்கே பல கடைகளில் அது கிடையாது. 2017இல் லிவர்பூல், எவர்ட்டன் என்ற இரண்டு போட்டி கிளப்களுமே சன் நிருபர்களுக்குக் கதவைச் சாத்தின.

அதே 1989 ஆகஸ்டில் நீதிபதி டெய்லரின் இடைக்கால அறிக்கை வந்தது. விபத்துக்கு முக்கியக் காரணம் காவல்துறை கட்டுப்பாட்டில் கோட்டைவிட்டது என்று தெளிவாகச் சொன்னது. அத்தோடு பொய் செத்திருக்க வேண்டுமல்லவா? சாகவில்லை. பல வருடம் கழித்தும், "என்ன இருந்தாலும் குடிச்சிட்டுத்தானே வந்தாங்க" என்ற பேச்சு ஓயவே இல்லை.

அதில் நம் துறைக்கும் பங்கு உண்டு. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இறந்த அத்தனை பேரின் ரத்தத்திலும் ஆல்கஹால் அளவு பார்க்கச் சொன்னார் மரண விசாரணை அதிகாரி. குழந்தைகளையும் விடவில்லை. அடுத்து, 3.15க்குள் எல்லோருக்கும் மீள முடியாத சேதம் ஆகிவிட்டது என்று சொல்லி, அதற்குப் பிறகு நடந்த எதையும் விசாரணைக்குள் வரவிடவில்லை. ஆம்புலன்ஸ் ஏன் வரவில்லை என்ற கேள்வி அங்கேயே அடைபட்டது. 1991இல் தீர்ப்பு 'விபத்து மரணம்'.

ஒரு பொய்த் தலைப்பு செய்யும் கெடுதல் இதுதாங்க. இறந்தவர்களை அவமானப்படுத்துவதோடு அது நிற்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வியையே திசைதிருப்பிவிடுகிறது. "காப்பாற்றியிருக்க முடியுமா?" என்று கேட்க வேண்டிய ஊர், "குடித்திருந்தார்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

குடும்பங்கள் விடவில்லை. ஒவ்வொரு தாளாகச் சேர்த்தார்கள். கடிதம், மனு, நினைவு தினத்தில் கோஷம், மறுபடி மனு. கடைசியில் லிவர்பூல் பிஷப் ஜேம்ஸ் ஜோன்ஸ் தலைமையில் ஒரு சுதந்திரக் குழு அமைந்தது. நான்கரை லட்சம் பக்கங்களைப் புரட்டினார்கள். குழுவில் பில் கிர்கப் என்ற டாக்டரும் இருந்தார்.

2012 செப்டம்பர் 12, அறிக்கை வெளியானது. 164 காவலர் வாக்குமூலங்கள் கணிசமாகத் திருத்தப்பட்டிருந்தன. அதில் 116இல் காவல்துறைக்கு எதிரான வரிகள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தன. ஆல்கஹால் கதைக்கு ஆதாரம் இல்லை. பிரேதப் பரிசோதனை விவரங்களை மறுபடி படித்தபோது, 3.15 கணக்கும் நிற்கவில்லை. அதுவரை கணக்கில் இருந்த 96 பேரில் 41 பேருக்குப் பிழைக்கும் வாய்ப்பு இருந்திருக்கலாம்.

41 பேர்! இந்த எண்ணைப் படித்துவிட்டு எந்த டாக்டராலும் சும்மா கடந்து போக முடியாது.

சன்னின் செய்தி எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்பதையும் அந்தக் குழு தேதியோடு எழுதி வைத்தது. பிரதமர் கேமரூன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் சன் தன் முதல் பக்கத்தில் 'நிஜமான உண்மை' என்று தலைப்பிட்டு மன்னிப்புக் கேட்டது. 23 வருடம் கழித்து! 2016இல் புதிய மரண விசாரணையின் ஜூரி, இவை சட்டவிரோதக் கொலைகள், ரசிகர்களின் நடத்தைக்கு இதில் பங்கில்லை என்று தீர்ப்புச் சொன்னது.

அப்படியென்றால் 1989இல் எழுதிய புகார் வீணா?

எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. கேஸ் ஷீட்டில் எழுதாதது நடக்காதது. புகாரும் ஒரு கேஸ் ஷீட்தான். அன்றைக்கே தண்டனை வாங்கித் தராமல் போகலாம். ஆனால் "இந்தத் தேதியில், இந்தச் செய்தி, இந்த இடத்தில் தவறு என்று சொன்னோம்" என்பது ஏட்டில் ஏறிவிடுகிறது. அதற்குப் பிறகு அதை 'யாரும் மறுக்காத உண்மை' என்று சொல்ல முடியாது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

பத்திரிகைச் செய்தி என்றால்: முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். எந்த வரி தவறு, எது சரி, ஆதாரம் என்ன. நகல் வைத்துக்கொள்ளுங்கள். திருத்தம் வராவிட்டால் இந்தியப் பத்திரிகைக் கவுன்சில். 1966இல் தொடங்கி, நெருக்கடி நிலையில் கலைக்கப்பட்டு, 1978 சட்டத்தால் மீண்டும் வந்த அமைப்பு. நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்த 2 மாதத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். செய்தி நறுக்கு, ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகல் இரண்டும் கூட வேண்டும். எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் இதற்கும் கிடையாது.

டிவி என்றால்: 2021 விதிகளின்படி முதல் புகார் சேனலுக்கே. 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் பதில் தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள், அந்தச் சேனல் சேர்ந்திருக்கும் சுய ஒழுங்கு அமைப்புக்கு மேல்முறையீடு.

இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். 2020இல் கொரோனா பரவலுக்கு ஒரு மதத்தினரையே குற்றவாளியாக்கிச் செய்தி ஓடியது நினைவிருக்கும். வைரஸுக்கு ஏது மதம்? பெங்களூரில் சிலர் கூட்டாகச் சேர்ந்து புகார் கொடுத்தார்கள். 2021 ஜூனில் செய்தி ஒளிபரப்பாளர்களின் சுய ஒழுங்கு அமைப்பு, ஒரு கன்னடச் சேனலுக்கு 1 லட்சமும் இன்னொன்றுக்கு 50,000 ரூபாயும் அபராதம் போட்டது. தொகை சின்னதுதான். ஆனால் தவறு என்று ஏட்டில் ஏறிவிட்டது.

ஆகவே உறவுகளே, தவறான செய்தியைப் பார்த்தால் கோபத்தில் நாலு பேருக்கு ஃபார்வர்ட் பண்ணாதீங்க. தேதி, நேரம், சேனல் அல்லது பக்க எண், தவறான வரி, சரியான தகவல். இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதுங்க. கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. நகலைப் பத்திரமா வைங்க.

பெரியவர் அடுத்த மாதம் மாத்திரைக்கு வருவார். இந்த இழையை பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.