மூடபித்திரியும் சித்தாந்த ஏடுகளும்

மூடபித்திரி என்பது கன்னட நாட்டின் மேல்கரைப் பகுதியில், மங்களூருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளதோர் சிற்றூராகும். துளு மொழியில் ‘மூட’ என்பது கிழக்கினையும், ‘பிதிர்’ என்பது மூங்கிலையும் உணர்த்தும். கடலையடுத்த படுபித்திரி மேற்கு மூங்கிலூர் ஆதலின், இது கிழக்கு மூங்கிலூர் ஆயிற்று. வடமொழியாளர் இதனை வேணுபுரம் என வழங்குவர். பதினெட்டுச் சமணக் கோயில்கள் ஈண்டு நிலவுதலின், இவ்வூர் ‘சைன காசி’ எனவும் போற்றப்படும். அக்கோயில்களைக் கன்னடர் ‘பசதி’ என்பர்.

அவற்றுள் தலைசிறந்தது ‘சாவிர கம்பத பசதி’, அஃதாவது ஆயிரங்கால் கோயில். இது கி. பி. 1430-இல் தேவராய உடையார் என்னும் குறுநிலத் தலைவரால் எட்டாந் தீர்த்தங்கரராகிய சந்திரநாதர்க்கு எடுக்கப்பட்டது. கீழ்நிலை கருங்கல்லால் இயன்றது. மேல்நிலைகளோ மரத்தால் இயன்று, மேல்கரைப் பெருமழைக்கு ஏற்பச் சரிந்த கூரையுடையன. தூண்களுள் ஒன்றுபோல் மற்றொன்று இல்லையென்பர். முன்மண்டபத்தின் அடித்தளத்தில் ஒட்டைச்சிவிங்கியும் சீனத்து நாகப்பறவையும் செதுக்கப்பட்டுள்ளன. இந்நாட்டில் இல்லாத இவ்வுருவங்கள், மிளகு விளையும் இக்கரைக்குக் கடல்வழி வந்த பிறநாட்டு வணிகத்தை நினைவூட்டுவனவாம்.

எனினும், மூடபித்திரியின் பெருஞ்செல்வம் கல்லன்று, ஓலையே. குருபசதி எனப்படும் பார்சுவநாதர் கோயிலுக்குச் சித்தாந்த பசதி என்பது மற்றொரு பெயர். திகம்பர சமணரின் சித்தாந்த நூல்களாகிய தவளம், சயதவளம், மகாதவளம் என்பவற்றின் ஏடுகள் ஈண்டுப் பல நூற்றாண்டுகள் போற்றிக் காக்கப்பட்டமையே அப்பெயர்க்குக் காரணம்.

அந்நூல்களின் வரலாறு அறியத்தக்கது. கிர்நார் மலைக் குகையில் வாழ்ந்த தரசேனர் என்னும் முதுமுனிவர், வாய்மொழியாக வந்த ஆகமப்பொருள் தம்மோடு ஒழிந்துவிடுமோ என அஞ்சி, புட்பதந்தர், பூதபலி என்னும் இரு மாணாக்கர்க்கு அதனை ஓதுவித்தார் என்பது மரபு. ஓதி முடித்தபின் புட்பதந்தர் வனவாசி நாட்டிற்கும், பூதபலி தமிழ்நாட்டிற்கும் சென்றனர். முன்னவர் தொடங்கியதைப் பின்னவர் முடித்தார். அதுவே ஆறு கண்டங்களையுடைய சட்கண்டாகமம். அது நிறைவுற்ற நாளைச் ‘சுருத பஞ்சமி’ எனத் திகம்பரர் இன்றும் கொண்டாடுவர். அதன் முதல் ஐந்து கண்டங்கட்கு வீரசேனர் எழுதி கி. பி. 816-இல் முடித்த பேருரையே தவளம். கசாயப் பாகுடம் என்னும் நூலுக்கு அவர் தொடங்க, அவர் மாணாக்கர் சினசேனர் கி. பி. 837-இல் முடித்த உரை சயதவளம். ஆறாங் கண்டமாகிய மகாபந்தமே மகாதவளம் எனப்பட்டது.

இவை பழங்கன்னட எழுத்தில் பனையோலையில் பொறிக்கப்பட்டு மூடபித்திரியில் தங்கின. சித்தாந்த நூல்களை ஓத இல்லறத்தார்க்கு உரிமையில்லை என்னும் கொள்கை நிலவிற்று. யாத்திரை வந்தோர் அவ்வேடுகளைக் கண்டு வணங்கினர். பொருள் உணர்வார் அரியராயினர். ஓலை நெடுநாள் நில்லாது. படிப்பவர் உள்ளவழியே படியெடுப்பவரும் உளராவர். ஓதுதல் குன்றவே படியெடுத்தலும் குன்றிற்று. பிற இடங்களில் இந்நூல்கள் கிடையாவாயின. ஈண்டும் மகாபந்தத்தின் ஏடுகள் சில சிதைந்து ஒழிந்தன. ஒழிந்த அப்பகுதிகளை மீட்டற்கு வேறு வழியில்லை.

இவ்விழப்பை உணர்ந்த சோலாப்பூர், பம்பாய் முதலிய இடங்களின் சமணப் பெருமக்கள் முயல, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் படியெடுக்கும் பணி தொடங்கிற்று. அப்பணி பல்லாண்டு நீண்டது. படிகள் கோயிலை விட்டு நீங்கலாகாது என்பது அக்காலத்தில் இருந்த கட்டுப்பாடு. ஆயினும், படியெடுத்தவருள் ஒருவர் மறைவாக எழுதிய படி சகாரன்பூரை அடைந்து, அங்கிருந்து பிற ஊர்கட்குப் பரவிற்று. அத்தகைய படிகளைக் கொண்டு பேராசிரியர் ஈராலால் சைனர் பிறர் துணையுடன் தவளத்தை ஆராய்ந்து, 1939-இல் முதற்பகுதியை வெளியிட்டார். அது பதினாறு பகுதிகளாக நிறைவெய்தியது. இடையே மூடபித்திரி மடத்தாரும் மூல ஏடுகளோடு ஒப்புநோக்க இசைந்தனர். அதனால் பாடங்கள் பல திருத்தமுற்றன. 1947-இல் மகாபந்தத்தின் முதற்பகுதியும் அச்சேறிற்று.

மறைவாகப் படியெடுத்ததைக் குற்றமென்பாரும் உளர், கடமையென்பாரும் உளர். பூட்டிக் காத்தவர் இலரேல் அச்சிடுதற்கு ஏடே இராது. திறப்பித்தவர் இலரேல் எஞ்சியனவும் செல்லுக்கு இரையாகியிருக்கும். ஆயினும் ஒன்று தெளிவு. ஆசிரியன் நாவொடு மெய்ப்பொருள் அழியலாகாது என்னும் இரக்கத்தாலன்றோ தரசேனர் அதனைப் பிறர்க்கு ஓதுவித்தார்? அவ்விரக்கத்தினின்று பிறந்த நூலை வணங்குதல் மட்டும் அதற்குச் செய்யும் முழுவழிபாடு ஆகாது. ஓதுதலும் ஓதுவித்தலுமே அதனை நிறைவாக்கும். இஃது எச்சமயத்தார்க்கும், ஏடுகளைப் பேழையில் வைத்துப் போற்றும் எம்மடத்தார்க்கும் ஒக்கும்.