ரயில் நின்ற மாதங்கள்

லேக் கார்டன்ஸ், பாலிகஞ்சுக்கும் டாலிகஞ்சுக்கும் இடையே பஜ் பஜ் பாதையில் உள்ள ஒரு சிறு நிலையம். தென் கொல்கத்தா வீடுகளில் சமைத்து, பாத்திரம் துலக்கும் பெண்களில் பலர் தெற்கு 24 பர்கானாஸ் கிராமங்களிலிருந்து விடியற்காலை மின்சார ரயில்களில் இது போன்ற நிலையங்களுக்கு வருபவர்கள். 2020 மார்ச் 23 அன்று, பெருந்தொற்று காரணமாக, அந்த ரயில்கள் நின்றன. நவம்பர் 11 அன்றுதான் மீண்டும் ஓடின. இடையில், மே 20 அன்று, அம்பன் புயல் அவர்களுடைய ஊர்களையே தாக்கியது.

பெருந்தொற்றுக்கு முன்பே இந்தியப் பொருளாதாரம் தளர்ந்திருந்தது. 2019-20இல் வளர்ச்சி ஏறத்தாழ 4 சதவீதம்தான். வழக்கமான மந்தத்தில் முதலீடு குறையும், சரக்கு தேங்கும், அதன் பிறகே வேலை போகும். இம்முறை ஊரடங்கால் வேலை முதலில் போனது. வருமானம் இழந்தவர்கள் செலவைச் சுருக்க, உற்பத்தியோடு தேவையும் விழுந்தது. ஏப்ரல்-ஜூன் காலாண்டில் உள்நாட்டு உற்பத்தி, முதல் மதிப்பீட்டின்படி, 23.9 சதவீதம் சுருங்கியது. அடுத்த காலாண்டிலும் சரிவு தொடர்ந்தது.

ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 5.15 சதவீதத்திலிருந்து மே மாதத்துக்குள் 4 ஆகக் குறைத்தது. வங்கிக் கடனே இல்லாத வீட்டுவேலைத் தொழிலாளிக்கு அதனால் நேரடிப் பயன் ஏதுமில்லை. ரேஷன் அரிசிதான் கைகொடுத்தது.

2021-22இல் புள்ளிவிவரங்கள் நிமிர்ந்தன. ஆனால் அதே ஆண்டு மே 6 முதல் அக்டோபர் இறுதி வரை உள்ளூர் ரயில்கள் பொதுப் பயணிகளுக்கு மறுபடி நிறுத்தப்பட்டிருந்தன.