பானை ஸ்பீக்கரும் பிவிசி பைப்பும்

எங்க அருள்புரத்துல பிவிசி பைப்புக்குப் பஞ்சமே கிடையாது. பல்லடம் ரோட்டைச் சுத்தி பனியன் கம்பெனி, சாயப்பட்டறை, சாயத்தண்ணியைச் சுத்தம் பண்ற பொது சுத்திகரிப்பு நிலையம்... எல்லாத்துக்கும் பைப் வேணும். வெட்டி மிஞ்சின துண்டு பழைய சாமான் கடைக்கு வந்துரும். அந்த நாலு இன்ச் துண்டில் நாலு இன்ச் ஸ்பீக்கரை மாட்டிப் பாட்டுக் கேட்கிற வித்தைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு மக்களே.

முதலில் ஒரு கேள்வி. ஸ்பீக்கருக்குப் பெட்டி எதுக்கு? அழகுக்கு இல்லை. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்தும், அதே நேரம் பின்பக்கக் காற்று தளரும். இரண்டும் சுற்றி வந்து சந்தித்தால் ஒன்றை ஒன்று அடித்துவிடும். பேஸ் முதலில் காணாமல் போகும். வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டால் 'கீச் கீச்'தான். இன்றைய காகிதக் கூம்பு ஸ்பீக்கருக்கு அடிப்படை போட்ட சி.டபிள்யூ. ரைஸ், ஈ.டபிள்யூ. கெல்லாக் இருவரும் 1925-ல் வெளியிட்ட கட்டுரையிலேயே இந்தத் தலைவலி உண்டு.

நம்ம ஊரில் இதற்குக் கிடைத்த பதில் மண்பானை! டேப் ரெக்கார்டர் காலத்தில், 80களில், டீக்கடைகளிலும் வீடுகளிலும் பானை ஸ்பீக்கர் ரொம்பப் பிரபலம். பானையின் வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தினால் பின்பக்கச் சத்தம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பேஸ் 'தும் தும்' என்று வரும். செலவு ஒரு பானை. இளையராஜா பாட்டை அப்படிக் கேட்ட தலைமுறை நமக்கு அப்பா, மாமா வயசுல இன்னும் இருக்காங்க, கேட்டுப் பாருங்க.

இதைக் கிராமத்து வேடிக்கை என்று சிரிப்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஹாரி ஓல்சன் பல வடிவங்களில் கூடு செய்து, ஒரே மாதிரி ஸ்பீக்கரை மாட்டி அளந்து பார்த்தார். 1951-ல் வெளிவந்த முடிவில் ஏற்ற இறக்கம் மிகக் குறைந்தது உருண்டை வடிவத்துக்குத்தான். சதுரப் பெட்டி மோசம். உருளையின் தட்டை முனையில் ஸ்பீக்கரை வைத்தால் அதுவும் மோசம். அதாவது கணக்குப்படி பார்த்தால் பைப்பை விடப் பானை உசத்தி! என் கணிப்பில் பைப் ஜெயித்ததற்குக் காரணம் சத்தம் இல்லை, பானை உடையும், பைப் உடையாது. அவ்வளவுதான்.

பைப்பின் கதை தனி. பிவிசியை 1872-லேயே ஜெர்மனியில் ஆய்கன் பாமன் பார்த்துவிட்டார், ஆனால் அதை வைத்து என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. 1926-ல் பி.எஃப். குட்ரிச் ரப்பர் கம்பெனியில் வால்டோ செமன், ரப்பரை இரும்பில் ஒட்டப் பசை தேடப்போய், பிவிசியை வளையும்படி செய்தார். நம்ம ஸ்பீக்கர் ஒயரின் மேலுறை அந்த வழி வந்தது. கெட்டியான தண்ணீர்க் குழாய் 1930களில் ஜெர்மனியில் வந்தது. அதே குட்ரிச்சின் தொழில்நுட்பக் கூட்டோடு 1960களில் நம்ம மேட்டூரில் கெம்பிளாஸ்ட் பிவிசி தயாரிக்கத் தொடங்கியது. பிறகுதான் இரும்புக் குழாய் மெல்ல ஒதுங்கியது.

பைப்பிடம் பானைக்கு இல்லாத ஒரு குணம் உண்டு: நீளம். 1965-ல் பிரிட்டனின் 'ஒயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் ஏ.ஆர். பெய்லி, ஸ்பீக்கரின் பின்னால் நீண்ட பாதை அமைத்து, உள்ளே கம்பளி இழை அடைத்துப் பின்பக்கச் சத்தத்தை அடக்கும் முறையை எழுதினார். ஒரு முனை மூடி மறுமுனை திறந்த குழாய், தன் நீளத்தைப் போல நாலு மடங்கு அலைநீளமுள்ள ஒலிக்கு ஒத்ததிரும். ஒலியின் வேகம் நொடிக்கு 344 மீட்டர். 50 ஹெர்ட்ஸ் வேணுமா? 344-ஐ 50-ஆல் வகுத்து, அதை 4-ஆல் வகுத்தால் 1.72 மீட்டர். ஏறக்குறைய ஓர் ஆள் உயரப் பைப். வீட்டில் இடம் இல்லையென்றால் இரண்டு எல்போ போட்டு மடிக்கலாம். மரப்பெட்டியில் இப்படி மடிக்க ஆசாரி வேணும், இதற்கு ஹாக்ஸா பிளேடும் பைப் ஒட்டும் சொல்யூஷனும் போதும். (நெருப்பில் வாட்டி வளைக்கப் போகாதீங்க. பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நெஞ்சு எரியும்.)

எனக்கு உறுத்துகிற விஷயம் ஒன்று. பெட்டியில் ஓட்டை போட்டு பேஸைக் கூட்டும் முறைக்கு பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1932-ல் காப்புரிமை வாங்கினார். பெட்டிக் கணக்கைச் சூத்திரமாக்கிய நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் பெயரில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அளவுகள் இருக்கு. பானையின் வாயில் முதன்முதலில் ஸ்பீக்கரை வைத்த ரேடியோ மெக்கானிக்குக்குப் பெயரே இல்லை. காப்புரிமை எழுத ஆளும் இல்லை, காசும் இல்லை. அவர் செய்ததும் அதே கேள்விக்கான பதில்தான்.

சரி, பெய்லி அடைத்த கம்பளிக்கு இங்கே எங்கே போவது? நம்ம ஊரில் கட்டிங் டேபிள் அடியில் மூட்டை மூட்டையாய் பனியன் வேஸ்ட் கிடக்கு. ரொம்ப இறுக்கி அடைத்தால் பேஸும் சேர்ந்து செத்துப்போகும். உதறி, லேசாகப் போடணும். கொஞ்சம் போட்டுக் கேட்டு, எடுத்துக் கேட்டு, உங்க காதுக்குப் பிடிக்கிற அளவில் நிறுத்திக்கோங்க.