ஒரு சிட்டிகை கறுப்புப் பொடி

1790-ம் ஆண்டின் கடைசியில் திப்பு சுல்தானின் படை தியாகதுருகத்தை வளைத்தது. இரட்டை முகட்டுப் பாறையின் மேலிருந்த கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கேப்டன் பிளின்ட் இருந்தார். பத்து ஆண்டுகளுக்கு முன்பு ஹைதர் அலியின் முற்றுகையைத் தாங்கி வந்தவாசியைக் காத்த அதே பிளின்ட். ஹைதரின் மகன் திப்புவுக்கும் அவர் வழிவிடவில்லை. திப்பு வேறு வழியின்றித் திருவண்ணாமலைப் பக்கம் திரும்பினார். அந்தக் குன்றுக்காக இத்தனை போர் நடந்ததற்குக் காரணம் அதன் அடியில் ஓடிய பாதை. மேற்கே ஆத்தூர்க் கணவாய் வழியாகச் சேலத்துக்கும் கிழக்கே கடலோரத்துக்கும் போன அந்தப் பாதையைப் பிடித்தவர்களுக்கே மலைநாடும் கரையும் சேர்ந்து கிடைக்கும். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையில் சேலமும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. பீரங்கிகள் ஓய்ந்தன. பாதையின் மேற்கு முனையில் மண்ணுக்கடியில் கிடந்த செல்வம் அதற்குப் பிறகுதான் வெள்ளைக்காரர்களின் கண்ணில் பட்டது.

கல்வராயன் மலையைத் தாண்டிய அந்தச் சீமையில் கோதுமலை, கஞ்சமலை, தீர்த்தமலை, கொல்லிமலை என்று எங்கு பார்த்தாலும் காந்தம் ஒட்டும் கருநிற இரும்புத்தாதுப் படிவங்கள். மழை அரித்துக் கொண்டுவந்த கருமணல் ஓடைகளில் தங்கும். ஊர்க் கொல்லர்கள் அதை அள்ளி, அலசி, ஆள் உயரத்தைத் தொடாத மண் உலைகளில் கரியோடு உருக்கினார்கள். கிடைத்த இரும்பைத் துண்டாக்கி, உமி கலந்த செம்மண்ணில் செய்த மூசைக்குள் இட்டு, ஆவாரஞ்சுள்ளியைச் சேர்த்து, மேலே எருக்கிலையைப் பரப்பி, வாயைக் களிமண்ணால் பூசி மூடினார்கள். இப்படி இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஓர் உலையில் அடுக்கி இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதினால் போதும். மூசையை உடைத்தால் ஒரு பவுண்டு கனத்தில் உருக்கு இருக்கும். ஐரோப்பாவின் வாள்களையும் சவரக் கத்திகளையும் வெட்கப்பட வைத்த உருக்கு அது. 1795-ல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் இத்தகைய இந்திய உருக்கை ஆராய்ந்து கட்டுரை படித்தார். கால் நூற்றாண்டு கழித்து மைக்கேல் ஃபாரடே அதைப் பிரித்துப் பார்த்தார். இருவருக்கும் அதன் சூட்சுமம் முழுதாகப் பிடிபடவில்லை. உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

வந்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். 1806-ல் சென்னையில் கம்பெனி உத்தியோகத்தில் சேர்ந்து, சேலம், கோயம்புத்தூர்ப் பக்கங்களில் வணிக அதிகாரியாக இருந்தவர். துணியும் பருத்தியும் வாங்கிக் கப்பலேற்றுவது அவர் வேலை. அவர் மனம் போனது மண் உலைகளின் பக்கம். இவ்வளவு நல்ல தாது, இவ்வளவு காடு, இவ்வளவு கைத்தேர்ச்சி. ஐரோப்பிய முறையில் பெரிய ஊதுலை ஒன்றைக் கட்டிவிட்டால் இங்கிலாந்து சுவீடனிடம் விலை கொடுத்து வாங்கும் உயர்ந்த இரும்பைத் தென்னாட்டிலிருந்தே அனுப்பலாம் என்று கணக்குப் போட்டார். 1825 வாக்கில் நிலையான சம்பளத்தை உதறினார். சென்னை மாகாணத்தில் பெரிய அளவில் இரும்பு உருக்கும் தனி உரிமையையும் அரசின் முன்பணத்தையும் பெற்றார். 1830-ல் வெள்ளாற்று முகத்தில் பரங்கிப்பேட்டையில் உலை எழுந்தது. ஐரோப்பிய பாணியில் இந்தியாவில் எழுந்த முதல் பெரிய இரும்பாலைகளில் அதுவும் ஒன்று. ஆனால் காகிதத்தில் அவர் போட்ட கணக்கில் ஓர் இனம் தவறியிருந்தது.

தாது மலையில் இருந்தது, உலையோ கடலோரத்தில். தாது மாட்டு வண்டியிலும், காவிரி, கொள்ளிட நீரில் பரிசலிலும் நெடுந்தொலைவு வர வேண்டும். அதைவிடப் பெரிய செலவு கரி. ஒரு டன் வார்ப்பிரும்புக்கு டன் கணக்கில் கரி எரியும்; ஒரு டன் கரிக்கு அதைப்போலப் பல மடங்கு விறகு வேண்டும். தென்னார்க்காடு, சேலம் மாவட்டக் காடுகளில் விறகு வெட்ட ஹீத்துக்கு அனுமதி இருந்தது. முதல் ஆண்டில் உலைக்குப் பக்கத்தில் கிடைத்த விறகு அடுத்த ஆண்டில் தள்ளிப் போனது, அதற்கடுத்த ஆண்டில் இன்னும் தள்ளி. தாதின் விலை ஏறவில்லை. காடு விலகிப்போகும் ஒவ்வொரு மைலுக்கும் இரும்பின் விலை ஏறியது. அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் நிலக்கரி உலைக்குள் சூடான காற்றை ஊதும் நீல்சனின் முறை பரவி, அங்கே இரும்பு மலிந்துகொண்டிருந்தது. இரும்புத் தொழிலின் லாப நட்டத்தைத் தீர்மானிப்பது தாதுக்கும் எரிபொருளுக்கும் இடையிலுள்ள தூரம் என்பதை ஹீத்தின் கடன் புத்தகம் வருடா வருடம் எழுதிக் காட்டியது. ஹீத் விடவில்லை. சேலத்துக்குப் பக்கத்தில், மேக்னசைட்டுக்குப் பேர்போன கரடுகளில் குரோமியத் தாது தோண்டிப் பார்த்தார். மலையாளக் கரையில் பேப்பூரில் இன்னோர் உலை வைத்தார். 1833-ல் கூட்டுப் பங்கு நிறுவனம் உருவானது. நட்டம் மட்டும் குறையவில்லை. பரங்கிப்பேட்டை இரும்பு தரத்தில் பெயர் வாங்கியது. வேல்ஸின் பிரிட்டானியா பாலத்துக்கு அந்த இரும்பு பின்னாளில் போனதாகப் பழைய பதிவுகள் சொல்கின்றன. தரம் இருந்தும் காசு இல்லை. அந்த இரும்பை எஃகாக்கி விற்றால் விலை கூடும் என்று ஹீத் இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டுக்குப் புறப்பட்டார். அங்கேதான் கதை திசை மாறியது.

ஷெஃபீல்டின் எஃகுக்காரர்களும் மூசையில்தான் உருக்கினார்கள். ஆனால் அவர்களுக்கு சுவீடனின் விலையுயர்ந்த இரும்பு கட்டாயம் தேவைப்பட்டது. உள்நாட்டு இரும்பைப் போட்டால் எஃகு சுத்தியல் அடியில் நொறுங்கும். சாதா இரும்போடு பற்றவைத்தால் ஒட்டாது. ஹீத் சேலத்து மூசையை மறக்கவில்லை. 1839-ல் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இதழில் அந்தக் கொல்லர்களின் முறையைப் படிப்படியாக எழுதினார். மூசைக்குள் மூடப்பட்ட இலையிலிருந்து எழும் ஆவியே இரும்பை விரைவாக எஃகாக்குகிறது என்றும், இங்கிலாந்து அப்போதுதான் கண்டுகொண்ட வேதியியலை அவர்கள் எவ்வளவோ காலமாகச் செய்துவருகிறார்கள் என்றும் வியந்தார். மூசைக்குள் இரும்போடு வேறொன்றைச் சேர்த்தால் அதன் குணமே மாறும் என்பதைக் கண்ணால் பார்த்த மனிதர் அவர். அதே 1839 ஏப்ரலில் அவர் ஒரு காப்புரிமை வாங்கினார். மூசையில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை, மாங்கனீசைக் கரியோடு சுட்டு எடுத்த ஒரு கூட்டுப்பொருளைச் சேர்ப்பது. அவ்வளவுதான்.

அந்தச் சிட்டிகை வேலை செய்தது. மாங்கனீசு உருகிய இரும்பில் தங்கிய ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டது, கந்தகத்தையும் கட்டிப்போட்டது. மலிவான ஆங்கில இரும்பிலிருந்தே அடிதாங்கும் எஃகு வந்தது. அது சாதா இரும்போடு ஒட்டவும் செய்தது. மேசைக் கத்தியின் அலகை எஃகிலும் அடிப்பாகத்தை இரும்பிலும் வைத்துப் பற்றவைக்க முடிந்தது. சந்தையில் எஃகின் விலை நூற்றுக்கு முப்பது, நாற்பது என்று சரிந்தது. பரங்கிப்பேட்டையில் தோற்ற மனிதர் ஷெஃபீல்டில் கோடீசுவரராகியிருக்க வேண்டும். ஆனால் அவர் ஒருவரை நம்பினார்.

ஹீத்தின் பொருளை ஷெஃபீல்டில் விற்க அன்வின் என்ற முகவர் இருந்தார். தனியாகச் சுட்டுச் சேர்க்கும் கூட்டுப்பொருளுக்குச் செலவு அதிகம். மாங்கனீசின் கறுப்பு ஆக்சைடுப் பொடியையும் தாரையும் அப்படியே மூசையில் போட்டால் உள்ளேயே அந்தக் கூட்டுப்பொருள் உருவாகும், காசும் மிச்சம் என்று ஹீத் பிறகு கண்டுபிடித்து அதை அன்வினிடம் சொன்னார். அன்வின் ஹீத்தை விட்டு விலகி, அந்தப் பொடியைக் கொண்டே சொந்தத்தில் எஃகு செய்யத் தொடங்கினார். காப்புரிமையில் எழுதியிருப்பது கூட்டுப்பொருள், நான் போடுவது வெறும் பொடி என்றார். நகரத்தின் மற்ற எஃகுக்காரர்களும் உரிமைத்தொகை கொடுக்க மறுத்து அவர் பக்கம் நின்றார்கள். வழக்கு நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் ஏறியது. தீர்ப்பு ஒரு முறை இப்படி, ஒரு முறை அப்படி. 1851-ல் கடனோடு ஹீத் இறந்தார். அவர் மனைவி வழக்கை விடவில்லை. 1855-ல் பிரபுக்கள் சபை கடைசித் தீர்ப்பு சொன்னது: அன்வின் காப்புரிமையை மீறவில்லை. காப்புரிமைப் பத்திரத்தின் ஒரே ஒரு வாசகம் ஒரு குடும்பத்தின் சோற்றைப் பறித்தது. இது அநியாயத் தீர்ப்பு என்று அந்தக் காலத்து உலோகவியலாளர் ஜான் பெர்சி போன்றவர்களுக்கே மனம் கசந்தது. ஆனால் கறுப்புப் பொடி அதோடு நிற்கவில்லை.

அடுத்த ஆண்டே ஹென்றி பெஸ்ஸெமர் உருகிய இரும்புக்குள் காற்றை ஊதி நிமிடங்களில் எஃகு செய்யும் முறையை அறிவித்தார். உரிமம் வாங்கியவர்கள் செய்த எஃகு பாளம் பாளமாகப் பிளந்தது. உலகமே பெஸ்ஸெமரைக் கேலி பேசிய நேரத்தில் உலோகவியலாளர் ராபர்ட் மஷெட் தீர்வு சொன்னார். மாங்கனீசு நிறைந்த ஜெர்மானிய வார்ப்பிரும்பைக் கடைசியில் சேர்க்க வேண்டும். மஷெட்டின் காப்புரிமையும் நிலைக்கவில்லை. 1859-ல் கட்ட வேண்டிய முத்திரைக் கட்டணம் கட்டப்படாமல் காலாவதியானது. சில ஆண்டுகள் கழித்து அவருடைய பதினாறு வயது மகள் லண்டனுக்குப் போய் பெஸ்ஸெமரை நேருக்கு நேர் கேட்ட பிறகுதான் ஆண்டுக்கு 300 பவுண்டு உதவித்தொகை வந்தது. ஹீத்தின் பெயரை யாரும் கேட்கவில்லை.

பரங்கிப்பேட்டையும் தப்பவில்லை. 1853-ல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்ற புதிய பெயரில் பழைய வேலை தொடர்ந்தது. தாதுக்குப் பக்கத்திலேயே உலை வைக்கலாம் என்று சேலம் மாவட்டத்துப் பாலம்பட்டியிலும் திருவண்ணாமலையிலும் கட்டினார்கள். பாடம் படித்தாகிவிட்டது, ஆனால் காலம் கடந்துவிட்டது. அதற்குள் காடு இன்னும் சுருங்கியிருந்தது; இங்கிலாந்தின் இரும்பு இன்னும் மலிந்திருந்தது. 1860-களில் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. 1874-ல் கம்பெனி கலைந்தது. கடல்தாண்டி வந்த மலிவு இரும்பு கள்ளக்குறிச்சி, ஆத்தூர்ச் சந்தைகளுக்கும் வந்து, கொல்லர்களின் மண் உலைகளையும் அணைத்தது. எருக்கிலையின் கணக்கை ஹீத்துக்குக் காட்டிக்கொடுத்த அந்தக் கைகளுக்கு ஒரு காப்புரிமையும் இல்லை, ஒரு பெயரும் பதிவாகவில்லை. இந்தக் கதையில் நான் மிகவும் வருந்துவது இதற்குத்தான்.

ஷெஃபீல்டில் ஒரு திருப்பம் மிச்சமிருந்தது. மாங்கனீசு கூடினால் எஃகு கண்ணாடியாக உடையும் என்று எல்லோரும் நம்பினார்கள். 1882-ல் இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது இளைஞர் ராபர்ட் ஹாட்ஃபீல்டு அளவை நிறுத்தாமல் கூட்டிக்கொண்டே போனார். நூற்றுக்குப் பன்னிரண்டைத் தாண்டியபோது எஃகு உடையவில்லை. அடிக்க அடிக்க இறுகியது. அதே ஹாட்ஃபீல்டு பிற்காலத்தில் டெல்லி இரும்புத்தூணையும் பழைய இலங்கை இரும்பையும் ஆராய்ந்து எழுதினார். 1892-ல் இந்தியாவின் முதல் மாங்கனீசுச் சுரங்கம் இன்றைய ஆந்திரத்து விஜயநகரத்தில் தோண்டப்பட்டது. அந்த விஜயநகரம் அப்போது ஹீத்தின் பழைய சென்னை மாகாணத்துக்குள் இருந்தது.

இன்று உலகில் வெட்டியெடுக்கும் மாங்கனீசில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு எஃகுக்குப் போகிறது. வீட்டுக் கூரைக்குள் புதைக்கும் முறுக்குக் கம்பியிலும், தண்டவாளத்திலும், பஸ்ஸின் அச்சிலும், கரும்பு வெட்டும் அரிவாளிலும் அந்தச் சிட்டிகை இருக்கிறது. ஹாட்ஃபீல்டின் எஃகோ கல் குவாரிகளில் கிரஷர் இயந்திரத்தின் தாடைத் தட்டாக நாள் முழுதும் பாறையை மெல்லுகிறது. பெஸ்ஸெமரின் பெயர் பள்ளிப் பாடநூல்களில் இருக்கிறது. மலிவான நல்ல எஃகு பிறந்த கதையை எழுதும்போது பெஸ்ஸெமருக்குப் பதினேழு ஆண்டு முன்னால் பரங்கிப்பேட்டையில் தோற்று ஷெஃபீல்டில் வென்ற ஹீத்தையும், அவருக்கு மூசையைத் திறந்து காட்டிய சேலத்துக் கொல்லர்களையும் அந்தப் பக்கத்தில் சேர்த்தே ஆக வேண்டும்.