முதுகில் ஒரு சவாரி

ஆண் நடத்துவான், பெண் பின்னாலேயே போவாள். மேற்கத்திய ஜோடி நடனங்களில் காலங்காலமாக இதுதான் சட்டம். அடுத்த அடி எங்கே என்று தீர்மானிப்பது அவன். அதை விரல் அழுத்தத்திலேயே புரிந்துகொண்டு காலை வைப்பது அவள். கிட்டத்தட்ட கல்யாணம் மாதிரி.

நியூயார்க்கில் கறுப்பர்கள் நிறைந்த ஹார்லெம் பகுதியில், 1926 மார்ச்சில் சவாய் என்றொரு நடன அரங்கம் திறந்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் ஆடலாம். அன்றைய அமெரிக்காவில் அதுவே பெரிய சமாசாரம். அங்கே வளர்ந்த ஸ்விங் ஆட்டம்தான் லிண்டி ஹாப். எட்டு எண்ணுவதற்குள் ஜோடி சேரும், சுழலும், விலகும். விலகிய அந்த நொடியில் அவள் இஷ்டத்துக்கு இடுப்பை ஒடிக்கலாம், காலை உதறலாம். கேட்க ஆளில்லை.

சவாயின் ராஜா, ஷார்ட்டி ஸ்னோடன். பேருக்கேற்ற குள்ளம். அவர் ஜோடி பிக் பி. (அமிதாப் இல்லை சார், இவர் பியாட்ரிஸ்!) ஆள் நெடுநெடுவென்று உயரம். ஆட்டம் முடிந்ததும் ஷார்ட்டியை மூட்டை மாதிரி முதுகில் போட்டுக்கொண்டு வெளியேறுவார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

ஃபிராங்கி மானிங் என்ற இளைஞர் மட்டும் சிரித்ததோடு நிற்கவில்லை. முதுகில் ஏற்றிய ஆளை அப்படியே உருட்டி, முன்பக்கம் இறக்கினால் என்ன?

யோசனை மானிங்குடையது. கழுத்து? அது அவர் ஜோடி ஃப்ரீடா வாஷிங்டனுடையது. தலைகீழாகப் போகவேண்டியவர் அவர்தானே! மெத்தையை விரித்துப்போட்டு, விழுந்து எழுந்து பழகினார்கள். 1935-ல் போட்டி. எதிரே ஷார்ட்டியும் பிக் பியும். சிக் வெப் குழுவின் இசை உச்சத்துக்குப் போக, ஃப்ரீடா மானிங்கின் முதுகில் உருண்டு, தாளம் பிசகாமல் தரையில் வந்து நின்றார். ஒரு கணம் நிசப்தம். அப்புறம் ஒரே ஆரவாரம்.

லிண்டி ஹாப்பின் அந்தரத் தாவல்கள் அத்தனைக்கும் ஆரம்பம் அதுதான் என்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு ஆண் தூக்கிப்போடுகிற மாதிரிதான் தெரியும். நிஜத்தில், பெண் சரியான நொடியில் எம்பாவிட்டால் எந்தப் பயில்வானாலும் ஒன்றும் செய்யமுடியாது. ஆனால் வரவு யார் கணக்கில் ஏறியது? பி.காம். புத்தி, கேட்கத்தான் தோன்றுகிறது. மானிங்கின் பிறந்தநாளான மே 26-ஐ உலக லிண்டி ஹாப் தினமாகவே கொண்டாடுகிறார்கள். ஃப்ரீடாவுக்கு, மானிங்கின் கதை நடுவே ஓரிரு வரி.

மானிங்கைக் குறை சொல்வதற்கில்லை. ஃப்ரீடாவின் பெயரை அவர் மறைக்கவில்லை. காலம் மாறியது, ஸ்விங் மவுசு போயிற்று, அவர் தபால் இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். 1958-ல் சவாயையும் மூடிவிட்டார்கள். 1980-களில் இளைஞர்கள் அவரைத் தேடிப்பிடித்து வந்தபோது, மீண்டும் சொல்லிக்கொடுக்கக் கிளம்பினார். ஆண்களுக்கு அவர் வைத்த பாடம்: ஜோடி ஒரு மகாராணி, குனிந்து வணங்கு. 2009-ல், 95 வயதுக்குச் சில வாரம் முன்பு காலமானார்.

இன்று பல லிண்டி வகுப்புகளில் 'ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம்' கிடையாது. லீடர், ஃபாலோயர், அவ்வளவுதான். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். பாட்டின் நடுவிலேயே பொறுப்பைக் கைமாற்றிக்கொள்கிற ஜோடிகளும் உண்டு. பெண் நடத்த, ஆண் பின்னால் போகிறான். யாரும் சிரிப்பதில்லை.