அஜைல் மென்பொருள் குழுக்களில் திட்ட மேலாளர்

வேலையைச் சிறு சுற்றுகளாகப் பிரித்து, தேவைக்கேற்பத் திட்டத்தை மாற்றிக்கொண்டே போகும் அஜைல் முறையில் இயங்கும் மென்பொருள் குழுவுக்குத் தேவையான பணம், ஆள், ஒப்பந்தம், பிற துறைகளின் ஒத்துழைப்பு ஆகியவற்றைப் பொறுப்பேற்றுக் கவனிப்பவர் திட்ட மேலாளர். யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக்கொடுப்பது பழைய முறையில் அவர் கையில் இருந்தது. அஜைலில் அதைக் குழுவே செய்துகொள்கிறது. அஜைல் வழிமுறைகளில் மிகப் பரவலான ஸ்க்ரம்மில் திட்ட மேலாளர் என்ற பொறுப்பே கிடையாது. ஆனாலும் ஸ்க்ரம்மைப் பின்பற்றும் நிறுவனங்கள் பலவற்றில் அந்தப் பதவி இருக்கிறது. இப்பதவியைச் சுற்றியுள்ள குழப்பம் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகிறது.

பின்னணி

1970-இல் அமெரிக்கரான வின்ஸ்டன் ராய்ஸ், பெரிய மென்பொருள் திட்டங்களை நடத்துவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தேவை, வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை எனப் படிப்படியாக இறங்கும் ஒரு படம் அதில் இருந்தது. பின்னாளில் வாட்டர்ஃபால் எனப் பெயர்பெற்ற முறைக்கு அந்தப் படத்தையே மூலமாகக் காட்டுவார்கள். ஆனால் அந்த வரிசையை அப்படியே பின்பற்றுவது ஆபத்தானது, தோல்வியை வரவழைப்பது என்று அதே கட்டுரையில் ராய்ஸ் எச்சரித்திருக்கிறார். எச்சரிக்கை மறந்துபோய், படம் மட்டும் நிலைத்தது. தேதிவாரியாக அட்டவணை போட்டு, அதிலிருந்து பிசகாமல் நடத்திக்காட்டுவதே மேலாளரின் திறமை என்றாகியது. தாமதமான திட்டத்தில் ஆளைக் கூட்டினால் தாமதமும் கூடும் என்று, ஐபிஎம்மின் ஓஎஸ்/360 இயக்க முறைமைப் பணியை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-இல் எழுதினார்.

மாற்றுச் சிந்தனை மென்பொருளுக்கு வெளியிலிருந்து வந்தது. 1986-இல் ஹிரோடகா தகெயுச்சியும் இகுஜிரோ நொனாகாவும் ஹோண்டா, கேனான், ஃபுஜி-ஜெராக்ஸ் போன்ற நிறுவனங்களில் புதிய பொருள்கள் எப்படி உருவாகின்றன என்று ஆராய்ந்து ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதினர். ரக்பி ஆட்டத்தில் அணி முழுவதும் பந்தைக் கைமாற்றிக்கொண்டே முன்னேறுவதைப் போல வேலை நடக்கிறது என்பது அவர்கள் தந்த உவமை. ஸ்க்ரம் என்ற பெயரும் அந்த ஆட்டத்திலிருந்தே வந்தது. 1993-இல் ஜெஃப் சதர்லாண்ட் ஈசல் நிறுவனத்தில் இதை மென்பொருளுக்குப் பொருத்திப் பார்த்தார். 1995-இல் கென் ஷ்வாபர் ஒரு மாநாட்டுக் கட்டுரை வழியாக அதற்கு எழுத்து வடிவம் கொடுத்தார். 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்டு என்ற பனிச்சறுக்கு விடுதியில் கூடிய 17 பேர் அஜைல் பிரகடனத்தை வெளியிட்டனர். அதன் 4 விழுமியங்களிலும் 12 கொள்கைகளிலும் திட்ட மேலாளர் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

பிரிந்துபோன அதிகாரம்

ஒரே நாற்காலியில் இருந்த அதிகாரத்தை ஸ்க்ரம் மூன்றாகப் பிரித்தது. எதை முதலில் செய்வது என்று தீர்மானிப்பவர் ப்ராடக்ட் ஓனர். எப்படிச் செய்வது, ஸ்பிரிண்ட் எனப்படும் ஒரு குறுகிய பணிச் சுற்றில் எவ்வளவு செய்ய முடியும் என்று முடிவெடுப்பவர்கள் டெவலப்பர்கள். முறை பிறழாமல் பார்த்துக்கொண்டு, தடைகள் விலக வழிசெய்பவர் ஸ்க்ரம் மாஸ்டர். 2020-ஆம் ஆண்டின் ஸ்க்ரம் வழிகாட்டிப்படி குழுவில் பொதுவாக 10 பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள். ஸ்பிரிண்ட் ஒரு மாதத்தைத் தாண்டக்கூடாது. அன்றாடக் கூட்டம் 15 நிமிடம்.

குழு உண்மையில் அஜைலாக இயங்குகிறதா என்பதை அந்த 15 நிமிடத்தில் கண்டுகொள்ளலாம். டெவலப்பர்கள் ஒருவருக்கொருவர் பேசி அன்றைய வேலையைச் சரிசெய்துகொள்வதற்கான கூட்டம் அது. எல்லாரும் மேலாளரின் முகத்தைப் பார்த்தே பேசினால், அது பழைய ஸ்டேட்டஸ் மீட்டிங்தான். புதிய மொந்தையில் பழைய கள். வெலாசிட்டி என்ற அளவும் இப்படித்தான் கெடுகிறது. ஒவ்வொரு வேலைக்கும் அதன் அளவுக்கேற்பக் குழு புள்ளி போடும். ஒரு ஸ்பிரிண்டில் முடித்த புள்ளிகளின் கூட்டுத்தொகையே வெலாசிட்டி. குழு தன் அடுத்த ஸ்பிரிண்டைத் திட்டமிடப் பயன்படுத்தும் எண் அது. அதை வைத்து இரண்டு குழுக்களை ஒப்பிட்டு ஒன்றைக் குறைசொன்னால், அடுத்த மாதமே 3 புள்ளி வேலைக்கு 5 புள்ளி போடப் பழகிவிடுவார்கள். எண் உயரும், வேலை உயராது.

எஞ்சியிருக்கும் பணி

அதிகாரம் பிரிந்துவிட்டதால் மேலாளருக்கு வேலை இல்லாமல் போய்விடவில்லை. 1994-இல் பிரிட்டனில் உருவான டிஎஸ்டிஎம் என்ற அஜைல் முறை திட்ட மேலாளரைப் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது. அமெரிக்காவின் திட்ட மேலாண்மைக் கழகமான பிஎம்ஐ, அஜைல் அலையன்ஸ் அமைப்புடன் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி, மேலாளர் குழுவுக்குத் தொண்டுசெய்யும் தலைவராக மாறவேண்டும் என்கிறது.

அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் சென்டினல் திட்டம், மேலாளருக்கு இன்னும் வேலை இருக்கிறது என்பதற்கு நல்ல சான்று. காகிதக் கோப்புகளைக் கணினிக்கு மாற்றும் முதல் முயற்சி, சுமார் 17 கோடி டாலர் செலவான பிறகு 2005-இல் கைவிடப்பட்டது. 2006-இல் சென்டினல் என்ற பெயரில் ஒப்பந்தம் லாக்ஹீட் மார்ட்டினுக்குச் சென்றது. பாதி வழியில் காலமும் செலவும் கைமீறத் தொடங்கவே, 2010-இல் எஃப்பிஐ பொறுப்பை நேரடியாக எடுத்துக்கொண்டு, சிறிய குழுவை வைத்து இரண்டு வார ஸ்பிரிண்டுகளில் வேலையை நடத்தியது. 2011 அக்டோபரில் நடந்த சோதனையில் கணினி இரண்டு முறை முடங்கியது. அப்போதிருந்த வன்பொருளின் திறன் போதவில்லை என்று தெரிந்தது. நிரல் எழுதும் குழு எவ்வளவு கெட்டிக்காரக் குழுவானாலும் இதைத் தானாகத் தீர்த்துக்கொள்ள முடியாது. பணம் ஒதுக்கி, கருவிகள் வாங்கி, புதிய தேதியை மேலிடத்தில் சொல்லி ஒப்புதல் பெற ஒருவர் வேண்டும். 2012 ஜூலையில் சென்டினல் பயன்பாட்டுக்கு வந்தது.

சென்னை போன்ற நகரங்களின் சேவை நிறுவனங்களில் இந்தத் தேவை இன்னும் கூடுதல். வாடிக்கையாளர் நியூயார்க்கில் இருந்தால் இரு ஊர்களுக்கும் இடையே ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேர வேறுபாடு. ப்ராடக்ட் ஓனர் காலையில் சொல்வது இங்கே மாலையில்தான் காதில் விழும். ஒப்பந்தம் நிலையான தொகைக்குக் கையெழுத்தாகியிருந்தால் தேவைகள் மாறும்போதெல்லாம் பேச்சுவார்த்தை எழும். அந்தப் பேச்சைக் குழுவின் தலையில் ஏற்றாமல் தானே நடத்துவது இங்கே திட்ட மேலாளரின் முதன்மையான பணி.

செலவைக் குறைக்க, மேலாளரையே ஸ்க்ரம் மாஸ்டராகவும் அமர்த்தும் வழக்கம் உண்டு. இது தவறான சிக்கனம். ஆண்டு இறுதியில் தனக்கு ரேட்டிங் போடப்போகிறவர் எதிரில், வேலை சிக்கிக்கொண்டது என்று எந்த டெவலப்பரும் மனம்திறந்து சொல்லமாட்டார். இரண்டு பதவிகளுக்கு இரண்டு பேரை வைக்க முடியாத நிறுவனம், ரேட்டிங் போடும் பொறுப்பையாவது அவரிடமிருந்து எடுத்து வேறொருவருக்குத் தரவேண்டும்.