கிழ மன்னரின் செம்பட்டை முடி

மருதாணி என்றதும் நம் மனத்தில் எழுவது பெண்களின் விரல்தான். ஆனால் அதே இலை ஒரு கிழவரின் தலையில் ஏறி, மூவாயிரம் வருஷங்களுக்குப் பின்னும் பண்டிதர்களுக்கு வேலை வைத்தது. அந்தக் கிழவர் சாமானியர் அல்ல. எகிப்தை 66 ஆண்டுகள் ஆண்ட இரண்டாம் ராம்சேஸ் சக்கரவர்த்தி.

கி.மு. 1213-இல் இறந்தபோது அவருக்கு வயது தொண்ணூறு இருக்கும். மூத்த பிள்ளைகள் பன்னிரண்டு பேரையும் எமனுக்குக் கொடுத்துவிட்டு, பதின்மூன்றாவது மகன் மெர்னெப்தாவுக்குச் சிங்காதனத்தை விட்டுப் போனார். அவ்வளவு நீண்ட ஆயுள் வரமா சாபமா என்பதை அவரைத்தான் கேட்க வேண்டும்.

கள்வர்களுக்குப் பயந்து பூசாரிகள் ஒளித்து வைத்திருந்த அவருடைய தேகம் 1881-இல் டெய்ர் எல் பஹ்ரி மலைப் பொந்தில் அகப்பட்டது. 1886-இல் பிரெஞ்சு அறிஞர் மாஸ்பெரோ சுற்றியிருந்த துணிகளை அவிழ்த்துப் பார்த்தார். வளைந்த மூக்கு, உறுதியான தாடை, மருதாணி ஏறிய கைகள். உச்சி வழுக்கை, பின்னந்தலையில் மட்டும் அடர்ந்த முடி. அந்த முடி வெளிர்ச் சிவப்பாக இருந்தது!

தொண்ணூறு வயதுக் கிழவருக்குச் சிவந்த முடி எப்படி வரும்? இறக்கும்போது நரைத்திருக்க வேண்டும், பிரேதத்தைப் பதப்படுத்தியவர்கள் பூசிய சரக்குகளே அதற்குச் சாயம் ஏற்றின என்று மாஸ்பெரோ எழுதினார். மருதாணியின் குணம் தெரிந்தவர்கள் இதை எளிதில் ஒப்புக்கொள்வார்கள். கருமுடியை வெளுக்க வைக்கும் சக்தி அந்த இலைக்குக் கிடையாது. கருமுடியில் பூசினால் வெயிலில் நிற்கும்போது ஒரு செம்மினுக்கு தெரியும், அவ்வளவுதான். நரைமுடி கிடைத்தால்தான் அது தன் முழு வித்தையைக் காட்டும். முதலில் ஆரஞ்சுச் சுளையின் நிறம். இரண்டொரு நாளில் காற்றுப் பட்டு முதிர்ந்து, புளி போட்டு விளக்கிய செம்புக் குடத்தின் நிறம். இலையில் உள்ள லாசோன் என்ற சாயம், முடிக்கும் நகத்துக்கும் பொதுவான கெராட்டின் என்ற புரதத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது. அதனால்தான் விரலில் நிறம் மங்கிய பிறகும் நகத்தில் அது வளர்ந்து வெட்டும் வரை நிற்கிறது.

விஷயம் இத்துடன் முடியவில்லை. 1976-இல் சக்கரவர்த்தியின் உடலைப் பூஞ்சைக் காளான் தின்னத் தொடங்கியதால் சிகிச்சைக்காக விமானத்தில் பாரிஸுக்குக் கொண்டு போனார்கள். அங்கே அவருக்கு ராணுவ மரியாதை நடந்தது. கதிர்வீச்சினால் காளானை அழித்தார்கள். கூடவே அவருடைய முடியையும் பூதக்கண்ணாடியில் சோதித்தார்கள். பேராசிரியர் செக்கால்டி கண்ட முடிவு வேறொரு கதவைத் திறந்தது. மேலே சாயம் இருந்தது உண்மை. ஆனால் உள்ளே சிவப்பு நிறமியின் மிச்சமும் இருந்தது. அதாவது, வாலிபத்தில் ராம்சேஸுக்கு இயற்கையிலேயே செம்பட்டை முடி!

நம் ஊரில் செம்பட்டை என்றால் எண்ணெய் காணாத தலை என்று முகம் சுளிப்போம். எகிப்தில் அதன் பொருள் வேறு. அங்கே சிவப்பு, புயலுக்கும் பாலைவனத்துக்கும் அதிபதியான சேத் என்ற முரட்டுத் தெய்வத்தின் நிறம். பலர் அஞ்சிய அத்தெய்வத்தை இந்தக் குடும்பம் விரும்பிக் கும்பிட்டது. ராம்சேஸின் தகப்பனார் பெயரே சேத்தி. சேத்துக்கு உரியவன் என்று அர்த்தம். போர்ச் சேவகத்திலிருந்து அரியணைக்கு வந்த வம்சம் அது. அவர்களுக்குச் செம்முடி வெட்கமாக இருந்திருக்காது. குலதெய்வத்தின் முத்திரையாகவே தோன்றியிருக்கும்.

அதே பாரிஸ் சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. அவர் நாசித் துவாரங்களில் மிளகு அடைத்திருந்தார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரக்கு, கடல் கடந்து ஒரு சக்கரவர்த்தியின் மூக்கைத் தாங்கியிருக்கிறது! துணிச் சுற்றின் இறுக்கத்தில் மூக்கு நசுங்கிவிடக் கூடாதே என்ற கவலை அவர்களுக்கு. மூக்கின் வளைவுக்கு அவ்வளவு பாடுபட்டவர்கள் முடியின் நிறத்தை மட்டும் தற்செயலுக்கு விட்டிருப்பார்களா? மருதாணி தானாக வந்து ஒட்டிய சரக்கு அல்ல, தெரிந்தே பூசியது என்பதே என் அபிப்பிராயம்.

நரைக்குச் சாயம் பூசுகிறவனை உலகம் கேலி செய்கிறது. வயதை மறைக்கிறான் என்கிறது. மன்னர் விஷயத்தில் மறைக்க என்ன இருந்தது? அவர் வயது ஊருக்கே தெரியும். பிறந்தது முதல் வேறு அரசனைக் காணாதவர்களே நாட்டில் அதிகம். மறு உலகத்துக்குப் போகிறவரை அங்குள்ளவர்கள் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். வாசலில் காத்திருக்கும் தகப்பனார் சேத்திக்குத் தெரிந்தது செம்முடிப் பையனைத்தான். நரைத்த கிழவரை அவர் பார்த்ததே இல்லை.